முன்முற்ற வேலியும் ஊர் வழியும்

(குளச்சலில் ஊராட்சி அன்பர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வேலியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உழவர் கூட்டத்தில் வேலி என்றதும் வயல் வேலியும் தோட்ட வேலியும் நினைவுக்கு வருதல் இயல்பு. தஞ்சைத் தரணியிலோ வேலி என்பது ஒரு நில அளவு, ஏறத்தாழ 6.67 ஏக்கர் கொண்டது. நான் பேச வந்த வேலி அத்துணைப் பெரிதன்று. வீட்டு முற்றத்துக்கும் ஊர் வழிக்கும் இடையே நிற்கிறதே, முப்பதடியோ நாற்பதடியோ நீளமுள்ள அந்த முன்வேலியைப் பற்றியே பேசப்போகிறேன். சிறிய பொருள்தான். ஆயினும் ஓர் ஊரில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு வீட்டாரைக் கண்டால், அவர்களுக்கு நடுவே எங்கேனும் ஒரு வேலி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் நிற்கும். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்ற பழமொழியை நம் முன்னோர் வீணாகச் சொல்லி வைக்கவில்லை.

நம் கல்குளம் வட்டாரத்தில் வேலியின் வகைகள் பல. உள்நாட்டு விளைகளைச் சுற்றிச் செம்மண்ணையும் கல்லையும் அடுக்கி எழுப்பிய கையாலை உண்டு. கையாலைக்கு மேல் பூவரசு, கிளுவை, முருக்கு முதலியவற்றின் கம்புகளை நட்டு, அவை தழைத்து வேலியாவதும் உண்டு. கடற்கரை ஊர்களில் முடைந்த தென்னோலையும் பனைமட்டையும் வேலியாயின. கால்வாய்க் கரைகளில் தாழை தானே வளர்ந்து வேலியாய் நின்றது. இவற்றுக்கு இடையே ஆள் நுழையக் கடவு விட்டிருந்தார்கள். இன்று இவை மெல்ல மெல்ல மறைந்து, சிமெண்டுக் கல்லால் ஆறடி உயரம் எழுப்பிய மதில்களும், அவற்றின் நடுவே இரும்புக் கதவுகளும் நிற்கின்றன. இதைக் குறை கூற நான் வரவில்லை. ஓலை வேலி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துக் கட்ட வேண்டியது. கோடையில் ஒரு தீப்பொறி பட்டால் வீட்டுக்கு வீடு தீயைக் கொண்டு செல்வதும் அதுவே. மதில் கட்ட வசதி வந்தவன் கட்டிக்கொள்கிறான். கேள்வி, எங்கே கட்டுகிறான் என்பதே.

வேலி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? நகைக்க வேண்டா. மண் கையாலை அடியில் இரண்டடி அகலமும் தலையில் ஒரு முழமும் இருக்கும். நமக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆக இரண்டு மழை. ஒவ்வொரு மழைக்கும் கையாலையின் மண் கரைந்து வழியின் பக்கம் சரியும். சரிந்த மண்ணில் புல் முளைக்கும். சில ஆண்டு கழித்து வீட்டுக்காரர் கையாலையைச் செப்பனிடும்போது, புல் முளைத்த ஓரத்தையே தம் எல்லையென்று கொள்வார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறார். உயிர்வேலியும் அவ்வாறே. பட்டுப்போன கம்புக்குப் பதிலாகப் புதுக் கம்பு நடுவோர் பழைய வேரைத் தோண்ட அலுப்புற்று, அதற்கு வெளிப்புறமாகவே நடுவர். இறுதியில் கையாலையை எடுத்துவிட்டு அரையடி அகலச் சிமெண்டுச் சுவர் எழுப்பும் நாள் வருகிறது. அகன்ற கையாலையின் எந்த ஓரத்தில் அந்த மெல்லிய சுவரை வைப்பது? வெளி ஓரத்தில்தான் வைப்பார்கள். இவ்வாறு இரண்டு தலைமுறைக்குள் ஒரு வேலி ஓரடியோ ஒன்றரையடியோ நடந்து வழிக்குள் வந்துவிடுகிறது. எதிர்வீட்டு வேலியும் நின்றுகொண்டிருப்பதில்லை. அதுவும் நடந்து வருகிறது.

இதைப் பிறர்மேல் வைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் வீட்டு மதிலே அவ்வாறு நடந்த மதில். தந்தையார் காலத்துக் கையாலையை எடுத்துவிட்டு, மேற்சொன்ன முறையிலேயே வெளி ஓரத்தில் மதில் கட்டி, வெள்ளையும் அடித்து, வாயிலில் நின்று அழகு பார்த்தவன் நான். மறு மாதம் எதிர்வீட்டு மூதாட்டிக்கு இரவில் மூச்சுத் திணறல் கண்டது. 108 ஊர்தியை அழைத்தார்கள். அது வழியின் தலைப்பில் வந்து நின்றுவிட்டது. உள்ளே நுழைய இயலவில்லை. மூதாட்டியை ஒரு நாற்காலியில் இருத்தி, நான்கு பேர் தூக்கிச் சென்றோம். மூலையில் திரும்பும்போது நாற்காலியின் கால் என் மதிலில் உரசிற்று. அந்த நிலையிலும் அவர், "பைய கொண்டு போங்க மக்கா, மதிலுக்க பெயிண்டு போயிரும்" என்றார். மூதாட்டி பிழைத்துக்கொண்டார், இன்றும் நலமாயிருக்கிறார். ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை.

மறு வாரமே நில அளவைக்கு விண்ணப்பித்தேன். புலப்படத்தில் எங்கள் வழியின் அகலம் 8 அடி. தரையில் அளந்தபோது இருந்தது 6 அடி 2 அங்குலம். என் மதில் உண்டது 1 அடி 3 அங்குலம்; எதிர்ப்புறத்து வேலி உண்டது 7 அங்குலம். அந்த வகை ஊர்திக்கு ஏறத்தாழ 2 மீட்டர், அதாவது ஆறரை அடி அகலம் வேண்டும். புலப்படத்தில் உள்ளபடி வழி இருந்திருந்தால் அது நெருக்கமாகவேனும் நுழைந்திருக்கும். நானும் எதிர்வீட்டாரும் பேசி இருவரும் பின்வாங்கினோம். என் பங்குக்குச் செலவு மிகுதி. அதைவிட, மதிலோரம் நான் வைத்திருந்த செவ்வரளி வரிசை போனதே எனக்கு வருத்தம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 131ஆம் பிரிவு இதைப் பற்றியது. விதிகளும் உரிமமும் இடந்தரும் அளவுக்கு அன்றி, பொது வழியின் மீது எவரும் சுவர் கட்டவோ, வேலியிடவோ, வேறு தடையோ நீட்டமோ ஏற்படுத்தவோ கூடாது என்று அது தடுக்கிறது. நிரந்தரமானதாயினும் தற்காலிகமானதாயினும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்பே. "இது வெறும் ஓலை வேலிதானே, நாளைக்கே பிரித்துவிடலாமே" என்னும் வாதம் ஆகவே எடுபடாது. வழியோர ஓடையின் மீது கட்டுவதும் அதே பிரிவின் தடைக்குள் அடங்கும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மதிலைச் சரியான எல்லையில் கட்டிவிட்டு, வண்டி ஏறுவதற்கென்று வாயிலுக்கு முன் ஓடையின்மேல் சிமெண்டுச் சாய்வு போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மதிலில் காட்டிய நேர்மை சாய்வில் போய்விடுகிறது. கதவு வெளிப்புறமாகத் திறந்தாலும் அப்படியே. திறந்து கிடக்கும் வரை அதுவும் வழியின்மேல் ஒரு நீட்டந்தான். கிராம நிர்வாக அலுவலர் இத்தகைய ஆக்கிரமிப்புகளைக் கண்டு உரியவர்களுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

கட்டட விதிகள் முன்னர் ஊராட்சிக்கு ஒரு வகை, நகருக்கு ஒரு வகை என்றிருந்தன. ஊராட்சிகளுக்கென 1997இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2019இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபின், குளச்சல் நகராட்சியில் வாழ்வோருக்கும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளில் வாழும் உங்களுக்கும் பெரும்பாலும் ஒரே ஏடுதான். வீட்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது, வீடு எதிர்நோக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது என்பது அதன் அடிப்படை. புதிய மனைப்பிரிவுகளில் இரு தெருக்கள் கூடும் மூலையைக் கூர்மையாக விடாமல் சாய்வாக வெட்டிவிட வேண்டும் என்றும் உண்டு. எங்கள் பழைய வழியில் அந்தச் சாய்வு இல்லாததால்தான் நாற்காலியின் கால் உரசியது. சட்டம் கேட்காவிட்டாலும் மூலை மனைக்காரர் ஒருவர் தம் மதில் முனையை மூன்றடி சாய்த்து வைப்பாராயின், அந்த வழியில் நடக்கும் அனைவரும் அவரை வாழ்த்துவர்.

அண்டையிலுள்ள கேரளத்தில், நம் மாவட்டமும் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை அதனோடு ஒரே அரசின்கீழ் இருந்ததுதான், இதற்கு ஒரு நல்ல வரம்பு வைத்திருக்கிறார்கள். தெருவையோ, பொதுச் சொத்தையோ, பொது நீர்நிலையையோ ஒட்டி எழுப்பும் மதிலுக்கு, அதன் உயரம் எவ்வளவாயினும், அனுமதி பெற வேண்டும் என்கின்றன அவர்களுடைய கட்டட விதிகள். பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுவான வேலி வேறு, ஊரோடு பொதுவான வேலி வேறு என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

பிற நாடுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். இங்கிலாந்தில் வண்டி செல்லும் பொதுச் சாலையை ஒட்டிய வேலியோ சுவரோ 1 மீட்டருக்கு மேற்படாவிட்டால் தனி அனுமதி வேண்டா. சாலையை ஒட்டாத இடங்களில் 2 மீட்டர் வரை கட்டலாம். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் முன்முற்ற வேலிக்கு 3 அடி அல்லது 4 அடி. பின்முற்றத்தில் 6 அடி. ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய கான்பெராவில் இன்னும் கடுமை. 1920கள் தொட்டே வீட்டின் முன்புறத்தில் பொதுவாக வேலி அடைக்க விடுவதில்லை, செடிவேலி வளர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டுச் சண்டிகரில் முன்சுவரின் உயரத்தை மட்டுமன்று, வாயிற்கதவின் அமைப்பையும் அரசே வரையறுத்தது. இதை நம் ஊர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாயிலின் அழகு அவரவர் மனம்போல் இருக்கட்டும். முன்னால் தாழ்வு, பின்னால் உயர்வு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

ஏன் முன்னால் தாழ்வு? ஆறடி அடைப்புச் சுவருக்குப் பின்னிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை வெளியே ஓடி வருகிறது என்று வையுங்கள். இருசக்கர வண்டியில் வருபவனுக்குக் குழந்தை தெரிவது எப்போது? வாயிலைத் தாண்டி வழியில் கால் வைத்த பிறகே. சுவரைத் தரையிலிருந்து மூன்றடி வரை அடைப்பாகக் கட்டி, அதற்கு மேல் கம்பி அளியோ செடியோ வைத்தால் ஒருவரையொருவர் காணலாம். மூன்றடிக்கும் குறைந்த குழந்தை அப்போதும் தெரியாது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமே. அதற்காகத்தான் வாயிலின் இருபுறத்துச் சுவரையும் சற்று உட்புறமாகச் சாய்த்து வைக்கச் சொல்கிறேன். நான் கூறும் மூன்றடி சட்டத்தின் அளவன்று, என் யோசனை.

நிற்க. விதி என்றால் விலக்கும் வேண்டும். விலக்கே இல்லாத விதியை ஊர் மதிக்காது. விலக்குக்கு வரம்பில்லையேல் ஊர் சிரிக்கும். 1916இல் நியூயார்க் நகரம் முழு நகருக்கும் நிலப்பயன் வரையறை விதிகளை வகுத்தபோது, விலக்குகளைக் கேட்டுத் தீர்மானிக்க ஒரு முறையீட்டு மன்றத்தையும் உடனமைத்தது. அந்த நாட்டில் வளர்ந்த நெறி ஒன்று நமக்குப் பயன்படும்: விலக்கு நிலத்தின் இயல்பை நோக்கித் தரப்படுவது, நிலக்காரரின் முகத்தை நோக்கியன்று.

நம் ஊர்களில் எவ்வெவற்றுக்கு விலக்குத் தரலாம்? வழியோரத்தில் திறந்த கிணறு இருந்தால், அதைச் சுற்றி உயர்ந்த அடைப்பு வேண்டும். அங்கே மூன்றடிக் கணக்குப் பேசுதல் தவறு. அங்கன்வாடிக்கும் தொடக்கப் பள்ளிக்கும் வேலி உயரமாகவே இருக்கட்டும், ஆனால் உள்ளிருப்பது வெளியே தெரியும்படி கம்பியாக இருக்கட்டும். ஆடு வளர்ப்போர், மூன்றடியை ஆடு தாண்டிவிடும் என்பர், உண்மைதான். அவர்களுக்கு நொச்சியும் ஆடாதொடையும் கலந்த நெருக்கமான உயிர்வேலியை நான் சொல்வேன். ஆடு அவற்றை விரும்பிக் கடிப்பதில்லை. பூவரசும் கிளைரிசிடியாவும் வைத்தால் வயலுக்குத் தழையுரமும் கிடைக்கும். வெட்டி ஒழுங்கு செய்யாவிட்டால் உயிர்வேலியும் நடக்கத் தொடங்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். முள்கம்பி கட்டுவோர் அதை வழியின் பக்கம் கட்டாமல் செடியின் உட்புறமாகக் கட்ட வேண்டும். இருட்டில் நடப்பவரின் கண்ணும் கன்னமும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

மேட்டிலிருக்கும் வீடுகளைத் தனியே கருத வேண்டும். நம் வட்டாரம் மேடும் பள்ளமுமானது. வழிக்கு மேலே ஐந்தடி உயரத்தில் முற்றம் இருந்தால், அங்கே நிற்பது வேலிச் சுவரன்று, மண்ணைத் தாங்கும் சுவர். அதைத் தாழ்த்தச் சொல்ல இயலாது. ஆனால் அத்தகைய சுவருக்கு நீர் கசிய ஆங்காங்கே துளை வேண்டும், அகன்ற அடித்தளம் வேண்டும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள தனியார் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். சுவர் ஒருவருடையது; அதன் கீழே படுத்திருந்தவர்கள் வேறு. மதில் கட்ட அனுமதி கேட்டு ஒருவர் வந்தால், ஊராட்சியார் அவருடைய மனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சுவர் விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்றும் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.

கடற்கரை வேலிக்கு வேறு நியாயம் உண்டு. இந்தக் குளச்சல் கரையில் 1741இல் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்ற ஒல்லாந்தரின் நினைவாக வெற்றித்தூண் நிற்கிறது. அன்று பிடிபட்ட டிலனாய் பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, நாட்டுக்கே வேலியாகக் கோட்டைகள் எழுப்பினார். உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார். பகைவனுக்கு எதிராக வேலி அடைக்கலாம். கடலுக்கும் கரையில் வாழ்பவனுக்கும் நடுவே அடைக்கலாமா? 2004 டிசம்பர் 26ஆம் நாளை இங்கிருப்போர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொட்டில்பாட்டில் முன்னே கடல், பின்னே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். நடுவிலிருந்த மக்கள் ஓடுவதற்கு இருந்தவை குறுகிய வழிகள். கால்வாயே பலருக்கு எமனாயிற்று. அந்த நாளுக்குப் பிறகு, கரையிலிருந்து மேட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு முடுக்கையும் வெறும் நடைவழியாக நான் பார்ப்பதில்லை.

மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. பின்னர் 2011இலும் 2019இலும் புதுக்கப்பட்டது. அந்த அறிவிக்கையில், கரையோர விடுதிகளுக்கான நெறிகளில் வேலியைப் பற்றி ஒரு விதியும் அதற்குள்ளேயே ஒரு விலக்கும் இருந்தன. கட்டடமே கூடாத கரைப்பகுதியிலும், தனியார் நிலத்தைச் சுற்றி உயிர்வேலியோ, செடி படர்ந்த முள்கம்பி வேலியோ போட்டுக்கொள்ளலாம். ஆனால் பொதுமக்கள் கரைக்குச் செல்வதை அது எவ்விதத்திலும் தடுத்தல் கூடாது. இரண்டு விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் அங்கே உண்டு. விடுதிக்காரருக்குச் சொன்னதை நாமும் நமக்குச் சொல்லிக்கொண்டால் என்ன? கரைப் பக்கத்து வீடுகளுக்குக் கல் மதிலை விடத் தாழையும் பூவரசுமே பொருந்தும். உப்புக்காற்றைப் பூவரசு தாங்கும். மணலும் காற்றும் இடைவெளியுள்ள வேலியில் வேகம் தணிந்து படியும். அடைப்புச் சுவரிலோ சுழன்று அடித்து அடியைப் பறிக்கும்.

ஊராட்சியார் செய்யத்தக்கது யாது? வேலி எழுந்தபின் இடிக்கப் போவது எளிதன்று. இடிக்கச் சென்றவனும் இடிபட்டவனும் ஒரே கோயில் திருவிழாவில், ஒரே தேவாலயத்தில், ஒரே பள்ளிவாசலில் நிற்க வேண்டியவர்கள். ஆகவே கட்டுமுன் அளப்பதே வழி. புலப்படத்தை இணையவழியாகவே பெறலாம். அளவையில் ஐயம் இருப்பின் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தினால் நில அளவர் வந்து கல் காட்டுவார். ஊராட்சி ஒவ்வொரு வழியின் அகலத்தையும் புலப்படத்திலிருந்து எடுத்து, ஒரு பலகையில் எழுதி அலுவலகச் சுவரில் மாட்டிவிடட்டும். "இந்த வழி 8 அடி" என்று எல்லாரும் படித்தபின், ஏழடி என்று சாதிக்க எவருக்கும் நாக்கு எழாது. விலக்குத் தந்தால் எந்த இடத்துக்கு, எக்காரணத்தால் என்று கிராம சபையில் படித்துவிட்டுத் தர வேண்டும். தலைவரின் உறவினருக்கு ஒன்றும் மற்றவருக்கு ஒன்றும் என்ற பேச்சு அதனால் எழாது.

தனியார் நிலத்தின் ஊடே செல்லும் நடைபாதைகளையும் கவனியுங்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகக் கருதி 20 ஆண்டுகள் நடந்து வந்த வழிக்கு வழிப்பாத்தியம் உண்டாகிறது. முற்றத்தைப் புதிதாக அடைக்கும் ஒருவர் அந்த வழியையும் சேர்த்து அடைத்துவிட்டால், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். முன்னோர் செய்தது போல ஒரு கடவு விட்டால் வழக்குச் செலவும் இல்லை, வாய்ச்சண்டையும் இல்லை.

கூட்டம் கலைந்தபின் விருப்பமுள்ளோர் என்னோடு வரலாம். என் வீடு அருகில்தான். பழைய மதிலின் அடித்தளம் வழியில் இன்னும் ஒரு கோடாகத் தெரிகிறது. அளவு நாடாவும் கொண்டு வருகிறேன். எதிர்வீட்டு மூதாட்டி திண்ணையில் இருப்பார். யாரேனும் வெற்றிலை கொண்டு வந்தால் மகிழ்வார்.